பதினொன்று நாற்பது வரை

மார்ச் 3, திங்கள்

பதினாறாம் நாள் காரியம் கழிந்து இன்றுதான் வேலைக்குப் போனேன்.

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் பட்டறைக்குக் கொடுத்தது. யாருக்கும் வேண்டாம் என்று கிடந்ததை மேனேஜர் தங்கதுரை சார் ஜனவரியில் எனக்குத் தந்தார். மகள் கோமதி நேற்று திருப்பூருக்கு ரயில் ஏறும்போது, "யார்கிட்டயும் பேச மாட்டுக்க. எழுதவாது செய்யேம்மா" என்றாள். ஆறாம் வகுப்போடு நின்றவள் என்ன எழுதுவது? நடந்ததை எழுதுகிறேன்.

நான் கூட்டித் துடைக்கிற இடம் பாளையங்கோட்டையில் செயற்கைக் கால் செய்கிற பட்டறை. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. கால் போனவர்கள் வருவார்கள். மிச்சக் காலில் பிளாஸ்டர் சுற்றி அச்சு எடுப்பார்கள். அந்த அளவெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறும். ஏறியபின் அச்சை உடைத்துவிடுவோம், வைக்க இடம் கிடையாது. உடைப்பது நான்தான். சுத்தியலால் நாலு போடு போட்டால் காலாக இருந்தது மாவாகிவிடும். பிறகு அதைக் கூட்ட வேண்டும்.

நான் வராத நாட்களில் அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பதினாலு பேருடைய கால் அளவு அதற்குள் இருக்கிறது. கால் தேய்ந்து புதுக் கால் கேட்டு வருகிறவர்களிடம், "பொறவு வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

படுத்தது பிப்ரவரி 12 அன்று. எனக்குப் போன் வந்ததும் அன்றைக்குத்தான். பாதி துடைத்த அறையை அப்படியே விட்டு ஓடினேன். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. துக்க வீட்டுக்காரியிடம் என்ன கேட்பார்கள்?

அந்தப் பெட்டியின் நெற்றியில் ஆயுத பூஜைக்கு நான் வைத்த குங்குமம் காய்ந்து அப்படியே இருக்கிறது. இன்று அதை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தைத் துடைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

கம்ப்யூட்டரைப் பார்க்க ஒரு பெண் வருகிறாள். மேலப்பாளையத்துக்காரி, பெயர் நஸ்ரின். வீட்டில் இருந்தபடியே ஏதோ சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறாளாம். "எங்க வாப்பா உங்க பட்டறை கால்லதாம்க்கா நடக்காவ" என்றாள். அதனால் தானாகவே வந்திருக்கிறாள்.

பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. எனக்குப் புரியவில்லை.

"லைட்டு எரியுது, காத்தாடி சுத்துது. பொறவு எதுக்கு படுத்துட்டுங்காவ?"

"பொட்டி ஓடுதுக்கா. உள்ள இருக்க டேட்டாபேஸ்தான் எந்திரிக்க மாட்டேங்கு."

"அது என்னது, பொட்டிக்குள்ள இன்னொரு பொட்டியா?"

அவள் சிரித்தாள். "ஒரு கடைன்னு வச்சுக்கோங்க. கதவு தொறந்து கிடக்கு, சரக்கும் உள்ள இருக்கு. எது எந்தத் தட்டுல இருக்குன்னு தெரிஞ்சது கடைக்காரருக்கு மட்டும்தான். அவரு எந்திரிக்க மாட்டேங்காரு."

சொல்லி முடித்ததும் என் வெறும் கழுத்தைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாவம், சின்னப் பிள்ளை. "சரக்கு கெட்டுப் போவலல்லா?" என்று கேட்டேன். "அதத்தாம்க்கா பாக்கணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து சோறு வடித்தபோதும் அதே யோசனை. கடைக்காரர் படுத்திருக்கிறார், சரக்கு இருக்கிறது. அப்படி ஒரு கடையை எப்படித் திறப்பது?

மார்ச் 5, புதன்

இன்று முழுக்க எழுந்திருக்கவே இல்லை. கம்ப்யூட்டரைச் சொல்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

கம்ப்யூட்டரும் டைரி எழுதுமாம்!

நஸ்ரின் ஸ்கிரீனில் ஓடிய எழுத்தைக் காட்டினாள். வரிக்கு வரி முன்னால் தேதி, மணி, நிமிஷம், விநாடி. "எந்த வேலையையும் டைரில எழுதிட்டுத்தாம்க்கா செய்யும்" என்றாள்.

"செய்யதுக்கு முன்னயே எழுதுமா? நாங்கல்லாம் செஞ்ச பொறவுல்லா எழுதுதோம்."

"நடுவுல விழுந்துட்டா? அதுக்குத்தான். விழுந்து எந்திரிச்சதும் தன் டைரியத் தானே படிக்கும். எதுவரைக்கும் செஞ்சோம், எது பாக்கின்னு பாத்து, விட்டதச் செஞ்சு முடிச்சிட்டு, அப்புறந்தான் கடையத் தொறக்கும்."

"அப்ப இதுவும் படிச்சு எந்திரிக்க வேண்டியதுதான?"

"படிக்கி. ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்துல வந்து மறுபடி விழுது. அந்த இடத்துல எழுத்து கிழிஞ்சிருக்கு. எழுதிக்கிட்டிருக்கும்போதே ஏதோ ஆயிருக்கு."

தரை காயும் வரை நின்று பார்த்தேன். அவள் ஒரு பொத்தானைத் தட்டினாள். வரி வரியாக ஓடியது, ஓடியது, நின்றது. மறுபடி தட்டினாள். அதே இடம். எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"அது டைரில பொய் எழுதுமா?"

"மாட்டாதுக்கா. அதுக்கு அந்தக் கூறு கெடையாது."

"எதையாது எழுதாம விடுமா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். "நல்லா கேக்கீங்களே" என்றாள். வேலைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 7, வெள்ளி

ஸ்டெல்லா கை கழுவுகிற இடத்தில் நின்று அழுதாள். அளவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் அவள். ஒப்பந்த வேலை, வீட்டில் படுக்கையில் கிடக்கிற அம்மா. அவள் பென் டிரைவில் பாட்டு ஏற்றிவந்து கேட்பது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து வைரஸ் வந்து பெட்டியைக் கெடுத்துவிட்டது என்று தங்கதுரை சார் நினைக்கிறார். பதினைந்தாம் தேதி டிரஸ்ட் கூட்டம். அதற்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் ஸ்டெல்லாவுக்கு வேலை இல்லை.

"யக்கா, சத்தியமா நான் ஒண்ணும் செய்யல. அன்னைக்கு முன்னால டேபிள்ல ஒரு ஆளுக்கு அளவு ஏத்திக்கிட்டிருந்தேன். திடீர்னு ஸ்கிரீன் செத்துப் போச்சு" என்றாள்.

நான் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தேன். அழாதே என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மத்தியானம் நஸ்ரின், "இதோட நகல் எங்கயாது இருக்காக்கா, எவ்வளவு பழசா இருந்தாலும் சரி" என்று எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு வந்தாள். யாரும் இல்லை என்றார்கள். எனக்கு மஞ்சள் துணி ஞாபகம் வந்தது.

ஆயுத பூஜைக்கு எங்கள் பட்டறையில் ரம்பம், உளி, அளவு டேப் எல்லாவற்றையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைப்பது வழக்கம். கம்ப்யூட்டரைத் தூக்கி வைக்க முடியாதே. அதனால் போன அக்டோபரில் அதிலுள்ளதை எல்லாம் ஒரு சின்னப் பெட்டியில் நகல் எடுத்து, மஞ்சள் துணியில் கட்டி, பூஜையில் வைத்தார்கள். வைத்தவள் ஸ்டெல்லாதான். "எங்க ஃபாதருக்குத் தெரிஞ்சா தொலைச்சுப்புடுவாரு" என்று சொல்லிக்கொண்டே பயபக்தியாக வைத்தாள். மறுநாள் ரம்பத்தையும் உளியையும் எடுத்தவர்கள் அதை எடுக்கவில்லை. அந்தத் தட்டைத் தூசி தட்டுகிறவள் நான் ஒருத்திதான்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். நஸ்ரின் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டாள். கையெல்லாம் விபூதி.

மார்ச் 9, ஞாயிறு

வீட்டில் இருந்தேன். அவருடைய லோடு ஆட்டோவை ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். கோமதியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பக்கத்து வீட்டுச் செண்பகம் கத்தரிக்காய்க் கூட்டு கொண்டுவந்தாள். அப்படியே மூடி வைத்திருக்கிறேன்.

என் போனில் இடம் நிறைந்துவிட்டதாம். பழைய அழைப்புகளை அழிக்கவா என்று கேட்கிறது. வேண்டாம் என்று அமுக்கினேன். நாளைக்கும் கேட்கும்.

மார்ச் 10, திங்கள்

நஸ்ரின் முகம் தெளிந்திருந்தது. அக்டோபர் நகல் நன்றாக இருக்கிறதாம். அதற்குப் பின்னால் எழுதின டைரியும் ஒரு நாள் விடாமல் பெட்டிக்குள் வேறொரு தட்டில், டிஸ்க் என்கிறாள், அதில் கிடக்கிறதாம்.

"அப்ப பழைய நகல வச்சுக்கிட்டு, டைரிய அக்டோபர்ல இருந்து படிக்கச் சொல்ல வேண்டியதுதான?" என்றேன்.

"யக்கா, நீங்க என் வேலைக்கு உலை வச்சிருவீங்க போலுக்கே" என்று சிரித்தாள். "அதேதான். ஆனா எதுவரைக்கும் படிக்கன்னு நான் சொல்லணும். அங்கதான் சிக்கல்."

ஸ்கிரீனில் ஒரு வரியைத் தொட்டாள். "பன்னெண்டாம் தேதி பதினொண்ணு நாப்பதுக்கு விழுந்திருக்கு. பதினொண்ணு நாப்பத்தாறுக்குப் பொட்டி மறுபடி எந்திரிச்சிருக்கு. அன்னைக்குக் கரண்டே போவல, யு.பி.எஸ்.ல பாத்துட்டேன். பொறவு எப்படி விழுந்துச்சு?"

நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன்.

"தானா விழுந்திருந்தா, தட்டு கொஞ்ச நாளாவே கெட்டுக்கிட்டு வந்திருக்குன்னு அர்த்தம். வைரஸ்னாலும் அப்படித்தான். அப்ப முந்தி பதினஞ்சு நாளு எழுதினதையும் நம்ப முடியாது. தப்பு அளவுல காலு செஞ்சு மாட்டுனா புண்ணாயிரும்லா? அதனால ஜனவரி கடைசியோட நிப்பாட்டிரலாம்னு இருக்கேன்."

பிப்ரவரி முதல் வாரம் வள்ளியூரில் முகாம் நடந்தது. நாற்பத்து மூன்று பேர். அளவு ஏறியதும் அவர்கள் அச்சையெல்லாம் பதினோராம் தேதி உடைத்தேன். ஒரு பாட்டன் கால் அச்சு மட்டும் உடைய மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

"நாப்பத்து மூணு பேரும் மறுபடி வரணுமா?" என்று கேட்டேன்.

"வேற வழி தெரியலக்கா. எதனால விழுந்துச்சுன்னு தெரிஞ்சா பதினொண்ணு நாப்பது வரைக்கும் தைரியமாப் படிக்கச் சொல்லிருவேன்."

பதினொன்று நாற்பது. எத்தனையோ மணி உண்டு, அதில் இதுவும் ஒரு மணி.

மார்ச் 11, செவ்வாய்

எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. தரை துடைத்தேன்.

மார்ச் 12, புதன்

காலையில் போனதும் நேரே தங்கதுரை சார் அறைக்குப் போனேன். நஸ்ரினையும் ஸ்டெல்லாவையும் கூப்பிடச் சொன்னேன். இதுவரை அந்த அறையில் நான் யாரையும் கூப்பிடச் சொன்னது கிடையாது. சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

போனை மேஜையில் வைத்தேன். அழைப்புப் பட்டியலைத் திறந்து காட்டினேன். கோமதி அவர் நம்பரை 'அப்பா' என்று போட்டிருக்கிறாள். அப்பா, பிப்ரவரி 12, 11.38, வந்தது. அதற்கு மேலே, அப்பா, 11.45, நான் போட்டது.

"நடுவுல என் போன் செத்துப் போச்சு, சார். சார்ஜ் இல்ல. அந்த ரூம்லதான் துடைச்சுக்கிட்டிருந்தேன். சுவத்துல வேற ஓட்டை இல்ல. யு.பி.எஸ். பின்னால இருந்த பொட்டியோட கருப்பு பிளக்கப் பிடுங்கிட்டு என் சார்ஜரச் சொருவுனேன். போன் எந்திரிச்சதும் பேசிட்டு, பழையபடி அந்தப் பிளக்க மாட்டிட்டு ஓடிட்டேன்."

எடுத்ததை எடுத்த இடத்தில் வைப்பது என் பழக்கம். அதனால்தான் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று.

நஸ்ரின்தான் முதலில் வாய் திறந்தாள். "ஆறு நிமிசம்" என்றாள். பிறகு தனக்குத்தானே, "தட்டு கெடல. வைரஸ் இல்ல. வெறும் பிளக்கு" என்றாள்.

சார் முகம் சிவந்துவிட்டது. "பூரணம், இத வந்த அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருக்கணும் சார். பிளக்கப் பத்திச் சொன்னா, எதுக்குப் பிடுங்குனேன்னும் சொல்லணும். அதுக்குத்தான் வாய் வரல."

ஸ்டெல்லா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஒரு மாசம் அழவிட்டீங்களேக்கா. முந்தானைய வச்சு நீங்களே தொடைச்சும் விட்டீங்க."

"திட்டு ஸ்டெல்லா. இன்னைக்குப் பூரா திட்டு."

"இன்னைக்கு ஒரு நாளு பத்தாது" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அவள் சொன்னது நியாயம்தான்.

பழுது ரிஜிஸ்டரில் காரணம் எழுத வேண்டும். ஸ்டெல்லாவைக் கூப்பிடப் போனார் சார். நானே எழுதுகிறேன் என்றேன். "12.2. காலை 11.40. பிளக்கைப் பிடுங்கியது நான், பூரணம். காரணம், என் வீட்டுக்காரர் ஆவுடையப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தது பாதியில் நின்றுவிட்டது" என்று எழுதினேன். அவர் பெயரை நான் வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதினதும் இல்லை. ஆவன்னாவுக்குச் சுழி சரியாக வரவில்லை.

அறைச் சாவியைச் சார் கேட்டார். கொடுத்தேன். "நாளைக்கு வேலைக்கு வரணுமா சார்?" என்று கேட்டேன். "வராம? தூசிய யாரு கூட்டுவா?" என்று எரிந்து விழுந்தார்.

மார்ச் 13, வியாழன்

படிக்க ஆரம்பித்துவிட்டது. அக்டோபரில் தொடங்கி வரி வரியாக. ஸ்டெல்லாதான் அறையைத் திறந்துவிட்டாள். என்னிடம் பேசவில்லை, ஆனால் என்னை உள்ளே விட்டுத்தான் கதவைச் சாத்தினாள். பிளக்கின் மேல் அகலமாக டேப் ஒட்டி, "பிடுங்கினால் கை ஒடியும்" என்று எழுதி வைத்திருக்கிறாள்.

தீபாவளி போயிற்று. கார்த்திகை போயிற்று. டிசம்பர் மழையில் பட்டறைக்குள் தண்ணீர் வந்து வேலை நடக்காத நான்கு நாட்களை ஒரு மூச்சில் தாண்டியது. பொங்கல் போயிற்று. வள்ளியூர் முகாம் வந்தபோது ஸ்டெல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று பெயரையும் வாயால் எண்ணினாள்.

பதினொன்று நாற்பதில் நின்றது. விழவில்லை. நின்றது.

"எந்திரிச்சுட்டுக்கா" என்றாள் நஸ்ரின்.

ஸ்டெல்லா ஒவ்வொரு பெயராகத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. நான் கேட்டேன், "அந்தக் கிழிஞ்ச இடத்துல இருந்தது என்ன ஆச்சு?"

"அது பாதிதாம்க்கா எழுதியிருந்துச்சு. பாதி எழுதினத அது எடுத்துக்கிடாது. முழுசா முடிஞ்ச வரி எதுவோ, அதுவரைக்கும்தான் எடுத்துக்கிடும். பாதிய விட்டுரும்."

"அந்தப் பாதில என்ன இருந்திருக்கும்னு தேடாதா?"

"தேடாதுக்கா. தேடிக்கிட்டே கிடந்தா எந்திரிக்கவே முடியாதுல்லா? அதான இத்தன நாளும் நடந்துச்சு."

அந்தப் பாதி வரி மூலைக்கரைப்பட்டிக்காரர் ஒருவருடையது. அவர் அச்சையும் நான் வராத நாட்களில் யாரோ உடைத்துவிட்டார்கள், அதனால் அவர் மட்டும் மறுபடி வர வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி

மூலைக்கரைப்பட்டிக்காரர் வந்தார். பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரே காலு எனக்கு ரெண்டு தடவ போயிட்டா?" என்று சிரித்தார். பிளாஸ்டருக்கு வெந்நீர் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். "கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்திருக்கீங்களேக்கா, அவரு மிச்சக் காலையும் அவிச்சிருவீங்க போலுக்கே" என்றாள் ஸ்டெல்லா. பேசிவிட்டாள்.

வரும் வழியில் கத்தரிக்காய் வாங்கினேன். இந்த டைரியில் பின்னால் புரட்டி, வெறுமையாக விட்டிருந்த பக்கத்தை எடுத்திருக்கிறேன்.

பிப்ரவரி 12, புதன்

காலையில் இட்லி. அவர் நாலு சாப்பிட்டார். ஆட்டோவில் டவுனுக்குச் சிமெண்டு ஏற்றிப் போகிறேன் என்றார். நான் எட்டரைக்கு வேலைக்குப் போனேன். கம்ப்யூட்டர் அறையில் கீழ்த்தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன்.

11.38. போன் வந்தது. மார்க்கெட்டிலிருந்து பேசினார். பின்னால் ஒரே இரைச்சல். நெஞ்சு வலிக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை. குரல் எப்போதும் போலத்தான் இருந்தது.

"ஏட்டி, மத்தியானத்துக்குக் கத்தரிக்கா வாங்கியிருக்கேன். அரைக் கிலோ. போதும்லா?"

"போதும்" என்றேன்.

"ஏட்டி, இன்னொண்ணு" என்றார். போன் அணைந்துவிட்டது.

அந்த இன்னொன்று என்ன என்று கேட்கத்தான் பிளக்கைப் பிடுங்கினேன். அவசரம் ஒன்றும் இல்லை. தேங்காய் வேண்டுமா என்று கேட்க இருந்திருப்பார் என்றுதான் அப்போது நினைத்தேன். போன் உயிர் வருகிற வரைக்கும் மிச்சத் தட்டையும் துடைத்தேன். 11.45க்கு நான் போட்டபோது எடுத்தது அவர் இல்லை, காய்க்கடைக்காரர். "யக்கா, அண்ணாச்சி கீழ விழுந்துட்டாவ" என்றார்.

இந்த ஒரு மாதமாக அந்த இன்னொன்றைத் தேங்காயா, கோமதியா, ஆட்டோ டயரா, உடம்புக்கு ஏதாவதா என்று தேடிக்கொண்டிருந்தேன். அது பாதி. விட்டுவிடுகிறேன்.

முழுசாக முடிந்த வரி, அவர் அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கியிருப்பதாகச் சொன்னார். போதுமா என்று கேட்டார். போதும் என்று சொன்னேன். அது அவர் காதில் விழுந்தது.